திரேசம்மாவை மறித்த விதம்

கொழும்பு, மாசி 1962

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? இரணைமடுக் குளத்துத் தண்ணீர் நம் வயலுக்கு வந்துவிட்டதா?

சனிக்கிழமை எங்கள் கல்லூரிக்குக் கூடைப்பந்துப் போட்டி. எதிரணியில் திரேசம்மா என்றொரு பிள்ளை. என்னைவிட ஒரு தலை உயரம், நல்ல பலசாலி. கூடைக்குக் கீழே அவள் கையில் பந்து கிடைத்தால் புள்ளிதான். அவளை மறிப்பது என் வேலை. முதற்பாதி முழுவதும் பின்னால் நின்று தள்ளிப் பார்த்தேன். தள்ளினால் விசில் ஊதினார்கள், விட்டால் அவள் போட்டாள்.

இடைவேளையில் நம் வாய்க்கால் ஞாபகம் வந்தது. வயலுக்குள் பாய்ந்த தண்ணீரோடு நீங்கள் மல்லுக்கட்டுவதில்லையே; மடையிலேயே மண்ணை வெட்டிப் போடுவீர்கள். நானும் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். தலைக்கு மேலால் வந்த பந்துகளைத் தோழி லதீபா பின்னால் நின்று பிடித்தாள். அதன்பின் திரேசம்மா பந்தைத் தொட்டதே குறைவு. வென்றுவிட்டோம்!

போகும்போது அவளே வந்து, "நீர் எந்த ஊர்?" என்று கேட்டாள்.

"கிளிநொச்சி."

"அங்கை கூடைப்பந்து விளையாடுறவையோ?"

"இல்லை, வயல் செய்யிறவை."

அவள் முழங்கை பட்டு என் உதடு சற்று வீங்கியிருக்கிறது. இந்த வரியை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம். மோர்மிளகாய் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே எல்லாக் கறியும் ஒரே ருசி.

விடுதி மணி அடிக்கிறது. விடுமுறைக்குத் தனியாகவே வருவேன், ஸ்டேசனுக்கு வரவேண்டாம் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா? வாருங்கள் ஐயா. வழக்கம்போலப் பின்னால் மரத்தடியில் நிற்காமல் முன்னுக்கு நில்லுங்கள்.

உங்கள் மகள்,
கமலாசனி