நிற்பதற்கான ஆணி

ஜனவரி 9, வெள்ளி

மோர்டன் ஸ்டேஷனில் இறங்கியபோது மழை. வீட்டுக் கராஜ் கதவு திறந்திருந்தது. தம்பி டெனுசன் நீளமான ரப்பர்ப் பட்டியைத் தரையில் விரித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய பனிவண்டிக்குச் சில்லு கிடையாது. இந்தப் பட்டி சுழன்றுதான் வண்டியைத் தள்ளும். உறைந்த ஏரியில் வெறும் ரப்பர் வழுக்கும். அதனால் பட்டி முழுக்கத் துளை போட்டு, உள்ளிருந்து வெளியே கூராணிகளைச் செருகி, தகடு வைத்து நட்டு இறுக்க வேண்டும். அவன் வலது கை இன்னும் ஸ்பானரைப் பிடிக்காது.

"நீதான் அக்கா செய்யவேணும்."

போன மார்ச்சில், நோர்வேயின் வடக்கில், ஒரு ஹோட்டலுக்குச் சாமான் ஏற்றிப் போகும்போது பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. கரைப் பாறையில் மோதித்தான் நின்றது. கையோடு போயிற்று, உயிர் தப்பியதே என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். தம்பிக்கு அந்த ஆறுதல் போதுமாக இருந்திருக்கிறது. திரும்பப் போகிறானாம். இருபத்துநாலாம் திகதி பனிவண்டியை ஏற்றிப்போக வான் வருகிறது.

ஜனவரி 11, ஞாயிறு

"இங்கை நில்லன்ரா" என்றேன்.

"நிக்கத்தானே ஆணி" என்று சிரித்தான்.

தங்குவதற்கும் ஓடுகிற வண்டி ஓய்வதற்கும் எங்களிடம் ஒரே சொல். நான் ஒன்றைக் கேட்கிறேன், அவன் மற்றதை எடுத்துத் தருகிறான்.

ஏன் போகிறான்? இன்று கேட்டேவிட்டேன். "அங்கை ஒருத்தரும் என்னைப் பாவமெண்டு பார்க்கிறேல்லை."

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அம்மா கராஜ் பக்கமே வரவில்லை. கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "அவனிட்டைக் குடு. அந்தச் சாமான் இருக்கிற இடத்துக்கு நான் வரமாட்டன்" என்றார்.

என் கைதான் அந்தச் சாமானைத் தயார் செய்கிறது. அம்மா அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 17, சனி

செய்துவிட்டேன்.

பட்டிக்குள் குறுக்காகக் கண்ணாடியிழைக் கம்பிகள் ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவேதான் துளைக்க வேண்டும். கம்பியைத் துளைத்தால் பட்டி பலம் இழந்துவிடும், ஓட்டத்தில் கிழியும், பாவிக்க ஏலாது. அவன் தேத்தண்ணி போட உள்ளே போனான். நான் ட்ரில்லைக் கம்பியின் மேலேயே வைத்து அழுத்தினேன். பிறகு அடுத்த கம்பி. அதற்கடுத்தது.

பட்டி இல்லாவிட்டால் பயணம் இல்லை. அவ்வளவுதான் நினைத்தேன். நினைத்தேனா? — வேறென்ன செய்ய? அழுதும் பார்த்தாயிற்று.

ஜனவரி 18, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டான். இடது கை விரலால் துளைகளைத் தடவினான்.

"கை தவறினா ஒண்டு தவறும். நீ நேர்வரிசையாத் தவறியிருக்கிறாய்."

நான் ட்ரில்லின் வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

"பரவாயில்லை. வண்டியோட வந்த பழைய பட்டி கிடக்கு. அதைப் போட்டுக்கொண்டு போறன்."

"ஆணி இல்லாமலோ? உனக்கு விசரே? போன முறை பட்டது காணாதே?"

"பூட்ட ஆளில்லையே அக்கா." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

என்ன செய்து வைத்திருக்கிறேன்? மறிக்கப் போய், அவனை வெறும் ரப்பரோடு பனியில் இறக்கிவிடப் பார்க்கிறேன்.

ஜனவரி 19, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் நானே பழைய பட்டியை இழுத்துப் போட்டேன். ஒவ்வொரு கம்பியையும் தடவித் தடவிச் சோக்கால் குறித்தேன். அவன் கதவடியில் நின்று பார்த்தான்.

"என்ன, இண்டைக்கும் நேர்வரிசையோ?"

"வாயை மூடிக்கொண்டு நட்டைத் தா."

இறுக்கினாலும் போவான், இறுக்காவிட்டாலும் போவான். இது தெரிந்த பிறகு எப்படி இறுக்காமல் விடுவது? உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. ஒவ்வொரு நட்டையும் இரண்டாந்தரம் சோதித்தேன்.

ஜனவரி 24, சனி

அம்மா விடியவே விம்பிள்டன் பிள்ளையாரிடம் போய்த் தேசிக்காயோடு வந்தார். புது வாகனம் என்றால் சில்லுக்கு அடியில் வைத்து நசிக்கவேணும். சில்லில்லாத வண்டிக்கு எங்கே வைப்பது? கொஞ்சம் யோசித்துவிட்டுப் பட்டிக்கு முன்னால் வைத்தார். வானில் ஏற்ற நாங்கள் தள்ளினோம். தேசிக்காய் நசியவில்லை. ஓர் ஆணி அதைக் குத்தி எடுத்துக்கொண்டு மேலே சுழன்று உள்ளே போய் மறைந்தது.

"பாரன், அதையும் கூட்டிக்கொண்டு போறான்" என்றார் அம்மா. சிரிக்கத்தான் தொடங்கினார்.

பெப்ரவரி 3, செவ்வாய்

படம் அனுப்பியிருக்கிறான். சாம்பல் நிற ஏரி. பனிக்கட்டியில் நான் பூட்டிய ஆணிகளின் புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடி, ஓரிடத்தில் நீண்ட கீறல்களாகி, முடிகின்றன. அதற்கப்பால் வெறும் பனிக்கட்டி. தூரத்தில் பாறை. கீழே ஒரு சொல்: "நிண்டிட்டன்."

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார். "என்னவாம்?"

"நிண்டிட்டானாம்."

"எங்கை? அங்கையோ?"

"ஓம் அம்மா. அங்கைதான்."