விலையை வாய்விட்டுச் சொன்ன நாள்

இன்று காலை பட்டறைக் கதவைத் திறந்ததும், தேங்காய்த் தொட்டியைத் தேய்த்த கொட்டாங்குச்சித் தூளின் வாசனை முகத்தில் அடித்தது. கொஞ்சம் கருகல், கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. உனக்கு இந்த வாசனை ஆகவே ஆகாது. "தலைக்கு ஊத்துனாலும் போக மாட்டேங்குது அம்மணி" என்று திட்டிக்கொண்டே நாள் முழுவதும் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பாய். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப் போகிறது. வாசனை மட்டும் போகவில்லை.

தொண்ணூறுகளில் நம் இருவர் வீட்டுக்காரர்களும் வேலை பார்த்த மில்லை மூடினார்கள். உடுமலைப்பேட்டையில் தேங்காய்க்கா பஞ்சம்? கொப்பரைக் களங்களில் தொட்டி குவிந்து கிடக்கும், அடுப்பெரிக்கத்தான் கொண்டுபோவார்கள். அதில் கரண்டியும் கிண்ணமும் செய்யலாம் என்று அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டியவள் நீ. ஒருத்தி அறுப்பாள், ஒருத்தி தேய்ப்பாள், நான் எண்ணெய் பூசி மெருகேற்றுவேன். எந்த வேலை செய்தாலும் கூலி ஒன்றுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். அந்தக் கூலியை நம்பித்தான் என் மகளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தேன். அது நின்றால் அவள் பஞ்சாலைக்குத்தான் போக வேண்டும். அவள் அப்பா அங்கே ஆள் பார்த்துப் பேசியே வைத்திருந்தார்.

நமக்குச் செய்யத் தெரிந்தது, விற்கத் தெரியவில்லை. யாராவது விலை கேட்டால், "நீங்களே பாத்துக் குடுங்க" என்போம். மரியாதையாம்! அவர்களும் பார்த்துத்தான் கொடுத்தார்கள், தங்கள் லாபத்தைப் பார்த்து. காந்திபுரத்துக் கடைக்காரர் பட்டறைக்கு வந்த அன்று அதைவிடப் பெரிய கூத்து. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று காபி கொடுத்து, இருந்ததிலேயே நல்ல கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எரிக்கிற தொட்டி. சும்மாவே குடுக்கறீங்க. பாதி விலைக்குப் போட்டுக் குடுங்க, மாசாமாசம் நானே எடுத்துக்கறேன்" என்றார்.

மாதாமாதம் என்றதும் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. நீ மட்டும் எழுந்தாய். "ஏனுங்க, தொட்டிக்கு நாங்க விலையே போடலீங்க. இது அத்தனையும் எங்க கைக்கூலிங்க. அதுல பாதி போச்சுன்னா எங்க ஊட்டு அடுப்பு ஒரு வேளைதானுங்க எரியும்."

அவர் சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். போகும்போது கிண்ணத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எம்புள்ள படிப்பு நின்னுபோச்சுன்னா நீயா வந்து பதில் சொல்லுவ?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். நீ பதிலுக்குக் கத்தவில்லை. "காந்திபுரத்துல அந்த ஒரு கடைதானா இருக்குது? நாளைக்கு நீயும் வா" என்றாய்.

மறுநாள் கட்டைப்பையோடு பஸ் ஏறினோம். கடை கடையாக ஏறி இறங்கினோம். வெயில், பசி, போதாததற்கு உன் செருப்பு வேறு அறுந்துபோனது. கடைசியாக ஒரு பாத்திரக் கடையில், கல்லாவில் இருந்த அம்மாள் கிண்ணத்தைக் கையில் வாங்கி விலை கேட்டார். நான் வழக்கம்போல, "நீங்களே பாத்து..." என்று இழுத்தேன். நீ என் கையை நறுக்கென்று கிள்ளினாய். வலி பொறுக்காமல் விலையைச் சொல்லிவிட்டேன், முழு விலையையும். "சரிங்க, எத்தனை வெச்சிருக்கறீங்க?" என்றார் அந்த அம்மாள். இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

என் மகள் படிப்பை முடித்தாள். இன்று பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பட்டறையிலும் புதிதாகப் பெண்கள் வந்திருக்கிறார்கள். குடிகாரப் புருஷனை விட்டு வந்து, இந்தக் கூலியில் தனியாக வீடு பிடித்துப் பிள்ளைகளை வளர்க்கிறவள் ஒருத்தி. உனக்கு அவளைப் பிடித்துப்போயிருக்கும். வாய் கொஞ்சம் நீளம்.

உன் கருமாதி முடிந்த வாரம், நம்மிடம் சரக்கெடுக்கும் வியாபாரி ஒருவர் துக்கம் விசாரிக்கப் பட்டறைக்கு வந்தார். உன் படத்துக்குப் பூப் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அந்தம்மா ஒரே பிடியா நிப்பாங்க. இனி நாம விலையைக் கொஞ்சம் பேசிக்கலாங்களா?" என்றார்.

எனக்கு அழுகை நிற்கவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னேன். "அவதானுங்க இல்லை. விலை அதேதானுங்க."