அப்பா வேட்டியில் ஒரு தியேட்டர்

பொழிச்சலூர்,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

அன்பு மகன் ஜெரோமுக்கு அம்மா எழுதுவது. மாதா காவலில் இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன். முழங்கால் ஒன்றுதான் மேகம் கறுத்தால் முனகுகிறது, மற்றபடி சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கோயிலுக்குப் போகிறேன். அங்கே நீயும் சத்யபிரியாவும் என் பேரன் காலேப்பும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லும்போது மூன்று பேர் பெயரையும் தனித்தனியாகச் சொல்லித்தான் முடிக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சத்யபிரியா சிரிப்பாள். தேவானந்தம் சார் மகள் ஜெரூஷா வியாழக்கிழமை கனடாவுக்குக் கிளம்புகிறாள், உங்கள் ஊர்தானாம், அவள் பெட்டியில் ஒரு மூலை கேட்டு வாங்கியிருக்கிறேன். காலேப்புக்கு நான் தைத்த ஞானஸ்நானச் சட்டை, உனக்கு மோர் மிளகாய், அதோடு இந்தக் கடிதம். போனில் நான் ஆரம்பித்தால் எவ்வளவு செலவு என்று நீ நடுவில் கேட்டுவிடுகிறாய், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகிறது. இதில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

சேதி இதுதான். நம் வீட்டு ஹாலில் தியேட்டர் போட்டு முடித்துவிட்டேன். அன்றைக்கு நான் சொன்னபோது விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாய். எனக்கு விசா வரவில்லை என்று தெரிந்த அன்று நீ சமாதானமாக, பெரிய போன் மாதிரி ஒன்று வாங்கி அனுப்புகிறேன், அதில் ஞானஸ்நானத்தை நேரடியாகப் பார்த்துக்கொள் என்றாய். எனக்குப் போன ஆகஸ்டு மாதம்தான் கண்ணுக்குள் வந்தது. அப்போது சத்யபிரியாவுக்கு மூன்றாம் மாதம், படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அவளைத் தனியே விட்டுவிட்டு உன்னால் வர முடியவில்லை. அதில் உன்மேல் யாருக்கும் குறை கிடையாது. அப்பா அடக்கத்தை நீ கையகலப் போனில்தான் பார்த்தாய். பெட்டியை மூடுவதற்கு முன்னால் எல்லோரும் அப்பா காலில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காலைக் காட்டும்மா என்று நீ கேட்டாய். நான் போனைக் கீழே இறக்குவதற்குள் படம் அப்படியே நின்றுவிட்டது, பிறகு லைன் வரவேயில்லை. அதற்கப்புறம் நீயும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை. இனி இந்த வீட்டுக் காரியம் எதையும் கையகலத்தில் பார்ப்பதில்லை, என் பேரன் தலையில் தண்ணீர் ஊற்றும்போது சுவர் நிறையப் பார்க்க வேண்டும் என்று விசா வராத அன்றே மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

மாடியில் குடியிருக்கிற சுபத்ரா காட்டாங்குளத்தூரில் ஹாஸ்டல் சமையலுக்குப் போகிறாளே, அவளிடம் சொன்னேன். படிப்பு முடித்துக் கிளம்புகிற பிள்ளைகள் ஃபேன், கெட்டில், பக்கெட் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்களாம், சுவரில் படம் காட்டுகிற மெஷின்கூட ஒரு ரூமில் இருக்கிறது, அதில்தான் கிரிக்கெட் பார்ப்பார்கள் என்றாள். மறுநாளே பல்லாவரத்தில் ரயில் ஏறிவிட்டோம். நாலு பிள்ளைகள் சேர்ந்து வாங்கிய மெஷினாம், நாலு பேரும் நாலு விலை சொன்னார்கள். ஒருத்தன் என்னைப் பார்த்து, “ஆன்ட்டி, நீங்க கேம் ஆடுவீங்களா?” என்று கேட்டான். இல்லப்பா, என் பேரன் ஞானஸ்நானம் பார்க்கணும் என்றேன். அவன் மற்ற மூன்று பேரையும் பார்த்தான், இருந்ததிலேயே குறைந்த விலைக்கு வந்துவிட்டார்கள். வயர், ரிமோட், பேட்டரி எல்லாம் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். சீட்டு எடுத்ததில் மீதி இருந்தது, கடன் ஒன்றும் வாங்கவில்லை, அதற்குமேல் கேட்காதே. வரும்போது ரயிலில் கூட்டம், யாரும் இடித்துவிடுவார்களோ என்று மெஷினை முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். எதிரில் இருந்த அம்மா, குழந்தை எத்தனை மாசம் என்று கேட்டுவிட்டாள். சுபத்ரா சிரித்த சிரிப்பில் தாம்பரம் போனதே தெரியவில்லை.

மெஷின் வந்துவிட்டால் போதுமா, ரூம் இருட்டாக வேண்டும். இப்போது நான் கட்டாமல் வைத்திருக்கிற கலர் புடவைகளில் கனமானதாகப் பார்த்து எடுத்து சன்னல் இரண்டுக்கும் மடித்துத் தொங்கவிட்டேன், பகலிலேயே ஹால் இருட்டிவிட்டது. சுவர் எதிரொலிக்கிறது என்று சுபத்ரா ஹாஸ்டலில் இருந்து முட்டை அட்டைகளைச் சுமந்து வந்தாள், பின்சுவர் முழுக்க ஒட்டினோம். ஒட்டி முடித்துவிட்டுப் பார்த்தால், உடைந்த முட்டை காய்ந்து கிடந்திருக்கிறது போலிருக்கிறது, எறும்பு வரிசை கட்டி வந்துவிட்டது. எல்லாவற்றையும் பிய்த்து மொட்டை மாடியில் வெயிலில் காயப் போட்டு மறுபடி ஒட்டினோம். மெஷினுக்கு மேடை என் தையல் மெஷின்தான். சுபத்ரா வீட்டு வைஃபை படிக்கட்டு வழியாக வயரில் இறங்கி வருகிறது.

அடுத்தது திரை. கடையில் சொன்ன விலைக்கு மெஷினே இன்னொன்று வாங்கலாம். பெட்ஷீட் எல்லாம் பூப் போட்டது. அப்போதுதான் பீரோவைத் திறந்தேன். அப்பா சட்டைகளைப் போன கிறிஸ்துமஸுக்கே கொடுத்துவிட்டேன், வேட்டியை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. வருஷப் பூசையன்று அதையும் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தாம்பரத்து அத்தை சொல்லிக்கொண்டே இருக்கிறாள், அண்ணன் துணியைப் பூட்டி வைக்கக் கூடாது என்பது அவள் வாதம். அரக்குக் கரை போட்ட எட்டு முழத்தை எடுத்து மடிப்பைப் பிரித்துச் சுவரோரம் பிடித்துப் பார்த்தேன். ஒரு தையல் இல்லை, ஒட்டு இல்லை, மேலே ஒரு கரை, கீழே ஒரு கரை, சட்டம் அடித்த மாதிரி அப்படியே திரை. நம் சுவரின் பச்சை துணி வழியாகத் தெரிந்தது, அதனால் அதன் பின்னால் இன்னொரு வேட்டியும் சேர்த்துப் போட்டேன்.

அங்கேதான் ஒரு கூத்து நடந்தது. வெள்ளையாக இருந்தால்தான் படம் பளிச்சென்று தெரியும் என்று நினைத்து, வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்டு, சொட்டு நீலத்தைத் தாராளமாக விட்டுவிட்டேன். காய்ந்ததும் கட்டி, நீ அனுப்பிய காலேப் வீடியோவைத்தான் முதலில் போட்டேன். குழந்தை முகம் நீலம் பூத்துக் கிடக்கிறது ஜெரோம். உதடு நீலம், நகம் நீலம். எனக்கு உயிரே இல்லை. அன்றைக்கு நீ ஆபீசில் இருக்கும்போது போன் போட்டு, காலேப்புக்கு மூச்சு சரியாக வருகிறதா, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேனே, கனவு கண்டேன் என்று பொய் சொன்னேனே, காரணம் இதுதான். சுபத்ரா இறங்கி வந்து பார்த்துவிட்டு, “அக்கா, புள்ள நல்லாத்தான் கீது, உங்க வேட்டிதான் நீலமா கீது” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுபடி அலசினேன். இரண்டு அலசு அலசியும் விடாமல் மூன்றாவதில்தான் நீலம் போனது. அதோடு அப்பாவின் மூக்குப்பொடி வாசனையும் போய்விட்டது. அதை நான் யோசிக்கவேயில்லை. பக்கெட் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பிறகு எழுந்து காயப் போட்டேன். இந்த முழங்காலோடு நாற்காலி மேல் ஏற முடியவில்லை, கையைத் தூக்காமல் எட்டுகிற உயரத்தில் கம்பியைக் கட்டிவிட்டேன், கீழ்க்கரை தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

சத்தத்துக்கு மைக் செட் எலியேசர். அப்பாவை மச்சான் மச்சான் என்று கூப்பிடுவாரே, அவர்தான். சின்னதாக ஏதாவது கொடு தம்பி என்றால் திருவிழாவுக்குக் கட்டுகிற ஸ்பீக்கர் பெட்டி இரண்டைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “இன்னாக்கா, வூட்டுக்குள்ள தியேட்டரா? இடைவேளைல முறுக்கு விப்பியா?” என்று ஒரே கேலி. போட்டுக் காட்டினார், அலமாரியில் இருந்த எவர்சில்வர் தட்டு எல்லாம் உருண்டு கீழே வந்துவிட்டது. தலைக்கு மேல் விமானம் போனது, அதன் சத்தமே எங்களுக்குக் கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள். “உன் பேரன் அங்க அழுதா இங்க பம்மல் வரைக்கும் கேக்கும்க்கா” என்றார். இப்போது ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன், ஒன்றே தாராளம்.

இதற்குள் அத்தைக்கு விஷயம் போய்விட்டது. அப்பா போன அன்று அவள்தானே டிவி மேல் துண்டைப் போட்டு மூடினாள், வருஷப் பூசை முடிகிறவரை எடுக்கக் கூடாது என்று. அந்தத் துண்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, நான் தொடவில்லை. தாம்பரத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, “இன்னா அண்ணி, அண்ணன் போயி வருஷம் திரும்பல, வூட்ல தியேட்டர் நடத்துறியாமே, தெருவுல நாலு பேரு இன்னா பேசுவாங்க?” என்றாள். நான் ஏற்கெனவே நம் சாமியாரிடம் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, டிவி மேல் துண்டு இருக்கட்டும்மா, சுவர் மேல் யாரும் துண்டு போடவில்லையே, ஞானஸ்நானத்தைப் பார்ப்பது துக்கத்துக்கு விரோதம் இல்லை என்றார். அதைச் சொன்னேன். சாமியார் பேச்சுக்கு மேல் அவளால் பேச முடியவில்லை, ஆனால் கண் வேட்டிக் கரைக்குப் போய்விட்டது. அடையாளம் தெரிந்துகொண்டாள். ஏன் இதைக் கம்பியில் மாட்டினாய் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள், எலியேசர் அதற்குள் சோதனை பார்க்க உன் கல்யாண வீடியோவைப் போட்டுவிட்டார்.

முதலில் பந்தல், பிறகு மாலை, பிறகு நம் கோயில் வாசல். அப்பா வருகிறார். அவருடைய வேட்டி மேலேயே வேட்டி கட்டிக்கொண்டு வருகிறார். முழு ஆள் உயரம் இல்லை, என் மார்பளவுதான் இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு வெறுங்காலோடு படியேறினார். எலியேசர் ரிமோட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அத்தைதான், “அண்ணன் இடுப்புல வேட்டி என்னிக்கி நின்னுது, பாரு, இப்பவும் இழுத்து இழுத்து வுட்டுகினே வராரு” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதோம், எது எப்போது மாறியது என்று தெரியவில்லை. அப்பா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கிளம்பும்போது, வருஷப் பூசைக்கு நான் புது வேட்டி வாங்கிக் கொடுத்துக்கிறேன், இது இங்கேயே இருக்கட்டும் என்றாள். எலியேசர் கம்பியை மேலே தூக்கிக் கட்டுகிறேன், இல்லாவிட்டால் முன்னால் உட்காருகிறவன் மண்டை மறைக்கும் என்று ஸ்டூல் எடுத்து வந்தார். “அதுல கைய வெச்ச, நடக்கறதே வேற” என்றாள் அத்தை. ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முன்னால் உட்காருகிறவர்கள் குனிந்து உட்காரட்டும்.

இனி நீ செய்ய வேண்டியது. போனைப் படுக்க வைத்துப் பிடிக்கச் சொல். நிமிர்த்திப் பிடித்தால் இங்கே கதவு இடுக்கில் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு கீற்றுதான் வருகிறது, காலேப் வீடியோவில் பார்த்தேன். நடுங்காத கை உள்ளவராகப் பார்த்துக் கொடு, நீ பிடிக்காதே, நீ குழந்தை பக்கத்தில் நிற்க வேண்டும். முந்தின ராத்திரியே சார்ஜ் போட்டுவிடு. உங்களுக்குக் காலைப் பூசை என்றால் எங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம், தெருவே வரும், பிரியாணிக்கு அத்தை பொறுப்பு. சட்டை கழுத்தில் உள்பக்கம் ஒரு மடிப்பு விட்டிருக்கிறேன், இறுக்கமாக இருந்தால் சத்யபிரியா பிரித்துவிடட்டும். அவள் இன்னும் இளைத்திருக்கிறாள், பூண்டு சேர்த்துக்கொள்ளச் சொல். குழந்தை தலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டாம் என்று அங்கத்துச் சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வை. உங்கள் மூன்று பேர் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன், மாதா துணையிருப்பாள்.

டிசம்பரில் வருகிறேன் என்றாய், மறக்காதே. வந்ததும் காப்பி பிறகு. சன்னல் புடவையை இழுத்துவிட்டு அந்தக் கல்யாண வீடியோவைப் போடுகிறேன், அப்பா கோயில் படியில் வெறுங்காலோடு நிற்கிற இடத்தில் நிறுத்துகிறேன். ரிமோட்டில் நடுவில் இருக்கிற பொத்தான், கற்றுக்கொண்டுவிட்டேன். அன்றைக்கு நீ காட்டச் சொன்ன கால் இரண்டும் தரையிலேயே இருக்கிறது, அதற்காகத்தான் கம்பியைத் தூக்க விடவில்லை. நீ போதும் என்று சொல்கிறவரை நான் பொத்தானைத் தொட மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கக் காத்திருக்கும் அம்மா
ச. பேபி