கழுவிப்போன வளைவு

மேலே போயும் ஹெல்மெட் போடாமல் திரிந்துகொண்டிருக்கும் என் அண்ணனுக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் தங்கச்சி கம்ப்யூட்டரில் கூரை வரைந்துவிட்டாள். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், பிரிக்பீல்ட்ஸ் இஞ்சினியர் ஆபீசில் ஏர்கோன் காற்றில் உட்கார்ந்து மவுஸ் பிடித்தேன்.

கெட்ட செய்தியை இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டேன். உன் வளைவை நான்தான் அழித்தேன், அண்ணே.

வீட்டுக் கூடத்தில் இடம் போதாமல் உன்னை வீட்டை ஒட்டிய உன் வெல்டிங் பட்டறையில்தான் கிடத்தியிருந்தோம். கோயில் கல்யாண மண்டபத்துக் கூரைச் சட்டத்தை நீ அந்தத் தரையில்தானே முழு அளவில் சாக்பீஸால் போட்டு வைத்திருந்தாய்? மேல் பைப்பு வில்லாக, கீழ் பைப்பு நேராக, நடுவில் குறுக்குத் துண்டுகள். அழ வந்தவர்களையெல்லாம் உன் வெல்டர் மணி, "ஆன்டி, கோட்ட மிதிக்காதீங்க, சுத்தி வாங்க" என்று ஒதுக்கிக்கொண்டே இருந்தான்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போனதும், வழக்கப்படி பெண்கள் இடத்தைக் கழுவினோம். ஹோஸைப் பிடித்தது நான். கண்ணிலும் தண்ணீர், கையிலும் தண்ணீர், துடைப்பத்தால் தேய் தேய் என்று தேய்த்தேன். சுடுகாட்டிலிருந்து திரும்பிய மணி வாசலிலேயே நின்றுவிட்டான். "அக்கா, கோடு எங்க?" என்றான். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரை அவ்வளவு சுத்தமாக என்றைக்குமே இருந்ததில்லை.

உன் போனைத் துழாவினோம். எல்லாம் வாழையிலைச் சாப்பாட்டுப் படம். நண்டைப் படமெடுத்த கைக்கு, நாலடி தள்ளித் தரையைப் படமெடுக்க என்ன கேடு?

இஞ்சினியர் சார் முதலில் நேர்க்கூரைக்குத்தான் கணக்குப் போட்டிருந்தார். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "நேர்க்கூரை போட்டா கொடவுன் மாதிரி இருக்கும். பொண்ணு மாப்பிள்ள என்ன, கப்பல்ல வந்த சரக்கா?" என்று கேட்டு எல்லாரையும் மாற்றியது நீ. இருபது வருஷம் போர்ட் கிள்ளானில் கொடவுன்களுக்கு நேர்க்கூரை போட்டவனுக்குக் கிடைத்த முதல் வளைவு. அதுவும் இல்லாமல் போய்விடுமா?

சார் கறாராகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள கம்ப்யூட்டர்ல வரைஞ்ச மாடல் வந்தா செக் பண்ணி சைன் வைக்கிறேம்மா. இல்லன்னா பழைய நேர்க்கூரைதான். தூணெல்லாம் ஏத்தியாச்சு." அவர் ஆபீசில் வரைகிற ஆள் வேலையை விட்டுப் போயிருந்தார். "கம்ப்யூட்டர் சும்மாத்தான் இருக்கு, வேணும்னா வந்து உக்காருங்க" என்று பேச்சுக்குச் சொன்னார். நான் மறுநாளே கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறிவிட்டேன்.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. படத்தைப் பார்த்துத்தான் பட்டன். வில் மாதிரி ஒரு படம் இருந்தது, அதைத் தட்டினேன். இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு ஒரு வளைவு போட்டுவிட்டு, பெரிய கெட்டிக்காரியாக சாரைக் கூப்பிட்டேன். அவர் வேறு ஏதோ ஒரு பட்டனைத் தட்டினார். மண்டபம் அப்படியே திரும்பி நின்றது. தூண்களெல்லாம் நிமிர்ந்திருக்கின்றன, என் சட்டம் மட்டும் தரையில் கிடக்கிறது.

"என்னம்மா, கூரை படுத்துக்கிட்டு இருக்கு?"

"தரையில போட்டுத்தான் சார் செய்வோம். அப்புறம் கிரேன் வந்து தூக்கும்."

"இதுல கிரேன் இல்லம்மா."

"ஒரு கிரேன்கூட இல்லாம என்னா சாப்ட்வேர் லா சார் இது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். இதில் எந்தப் பக்கம் பார்த்து வரைகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டுமாம். பிறக்கும்போதே நிற்கிற பிள்ளை மாதிரி. 

இரண்டாம் நாள் சட்டம் நிமிர்ந்து நின்றுவிட்டது. ஆனால் வில்லின் நடுவைப் பிடித்து இழுத்தால் வளைவு ஏறுகிறது, இறங்குகிறது, குறுக்குத் துண்டுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு மேலே குத்திக்கொண்டு வெளியே வருகின்றன. முள்ளம்பன்றிக்குத் தோரணம் கட்டிய மாதிரி. அதையும் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினேன்.

என்னைக் குழப்பியது அது இல்லை. மவுஸை இழுக்க இழுக்க எல்லா வளைவும் வருகிறது. அதில் உன்னுடையது எது?

வீட்டுக்கு வந்து, நீ போட்ட வில் நடுவில் எவ்வளவு உயரம் என்று அண்ணியைக் கேட்டேன். "துணி காயப்போடப் போறப்ப கோட்டத் தாண்டித்தானே போவேன். நடுவுல நாலு எட்டு" என்றார். மணி, "மூணுதான் அக்கா, நல்லா ஞாபகம் இருக்கு" என்றான். இரண்டு பேரையும் நடக்கவிட்டு டேப் பிடித்தேன். அண்ணி நடந்தது ஒரு அளவு, மணி நடந்தது ஒரு அளவு. அண்ணியை மறுபடி நடக்கச் சொன்னால் மூன்றாவதாக ஓர் அளவு. "அப்பல்லாம் கோடு அழிஞ்சிடுமேன்னு சாரோங்கத் தூக்கிக்கிட்டு எட்டி வெப்பேன், இப்ப யாருக்காக எட்டி வெக்கிறது?" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போய்விட்டார். நானும் மணியும் டேப்பைச் சுருட்டாமல் நின்றோம்.

வியாழக்கிழமை மத்தியானம் வரை இழுத்து இழுத்துப் பார்த்தேன். உயர்த்தினால் பறவைக் கூண்டு மாதிரி இருந்தது, தாழ்த்தினால் பழைய கொடவுன். ஒரு இடத்தில் என் கை தானாக நின்றது. நல்லா இருந்தது. அவ்வளவுதான் காரணம். உனக்குப் பிடிக்குமா என்று யோசித்தேன், தெரியவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

சார் வந்து பார்த்தார். "இந்த உயரம் எங்கேருந்து வந்துச்சு?"

அண்ணன் சொன்னாரு என்ற பொய்யை ரயிலிலேயே தயார் பண்ணி வைத்திருந்தேன். வாயில் வரவில்லை. "நான் போட்டது சார்" என்றேன்.

அவர் நெடுநேரம் கணக்குப் போட்டார். கீழ் பைப்பை மட்டும் ஒரு சைஸ் பெரிதாக்கினார். பிறகு சைன் வைத்தார். நான் கழிவறைக்குப் போய் அழுதேனா சிரித்தேனா என்று இன்னும் விளங்கவில்லை.

மண்டபத்துக்கு வளைந்த கூரைதான் வரும், அண்ணே. ஆனால் அது உன் வளைவு இல்லை. ஒருவேளை உன்னுடையது இதைவிட அழகாக இருந்திருக்கும். இனி யார் சொல்லப்போகிறார்கள்?

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். உன் பெயரைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஒழுகினால் ஏச்சு எனக்கு. ஊரே அண்ணாந்து பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னால், அதுவும் எனக்குத்தான். கோவித்துக்கொள், பரவாயில்லை.

உன் கோட்டைக் கழுவிவிட்டு, தன் கோட்டைப் போட்ட
உன் ஒரே தங்கச்சி,
லெட்சுமி