அம்மாவின் குரலுக்கு மூன்று இடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், கொஞ்சம் களைப்பு, அவ்வளவே, நீயும் மாப்பிள்ளையும் அந்தக் களைப்புகூட இல்லாமல் இருக்க வேண்டும். முதியோர் வகுப்பில் சேர்ந்த பிறகு யார் உதவியும் இல்லாமல் நான் எழுதும் முதல் முழுக் கடிதம் இது, இரண்டு நாளாக எழுதுகிறேன், விரல் கடுக்கிறது, ஆனாலும் ஒரு வரி முடிந்ததும் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன், அழகாகத்தான் இருக்கிறது. போனில் சொல்ல முடியாத விஷயம், அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், பேச்சுதான் போயிற்றே தவிர அவளுக்குப் பாம்புக் காது.

தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால் நீ உட்கார்ந்து அம்மா குரலிலேயே பதிவு செய்து கொடுத்த நாற்பத்து மூன்று பேச்சும் கம்ப்யூட்டரில் இருக்கிறதல்லவா, சாப்பிட வாங்க, துண்டை எங்க போட்டீங்க, போதும் விடுங்க என்று அதைத் தட்டித்தான் அவள் குடும்பம் நடத்துகிறாள். போன வாரம் அந்தக் கம்ப்யூட்டர் உள்ளுக்குள் கறக் கறக் என்றது. எனக்குப் பயம் வந்து, பேக்கப் என்று நீ கொடுத்துவிட்டுப் போன டிஸ்க்கைச் செருகிப் பார்த்தேன். திரையில் ஏதோ கேட்டது. எனக்காக எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றி வைத்திருக்கிறாயே, அந்தப் பெருமையில் எழுத்துக் கூட்டிப் படித்தேன், அனைத்தையும் அளிக்கவா என்று இருந்தது. அளி என்றால் கொடு என்று டீச்சர் சொல்லியிருந்தார், இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே என்று ஆம் என்பதை அழுத்தினேன். அது ள இல்லை, ழ. டிஸ்க் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் அறிவிருக்கா உங்களுக்கு என்பதை மூன்று தடவை தட்டினாள்.

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே இருக்கும் டிஸ்க்கும் இன்றோ நாளையோ என்று கிடக்கிறது பெரியவரே, முதலில் நகல் எடுப்போம், அப்புறம் உங்கள் தமிழைப் பேசலாம் என்றார். கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரை ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தேன், முதுகு போய்விட்டது. உள்ளே புது டிஸ்க் போட்டாயிற்று. வெளியே இரண்டு. ஒன்று நம் அலமாரியில், நகல் எடுத்ததும் பிடுங்கி வைத்துவிட வேண்டும், செருகியே கிடந்தால் கம்ப்யூட்டருக்கு வரும் நோய் அதற்கும் வருமாம். இன்னொன்று உன் சித்தப்பா வீட்டில், இங்கே தண்ணீர் புகுந்தாலும் அங்கே இருக்கும். மூன்றாவது இன்டர்நெட்டில், அதை நீதான் திறந்து தர வேண்டும், பாஸ்வேர்டும் உன்னிடமே இருக்கட்டும், என் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று இப்போது ஊருக்கே தெரியும். மாதம் ஒருமுறை திறந்து கேட்டுப் பார்க்கவும் வேண்டுமாம், இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தால் போதாதாம்.

அப்படிக் கேட்டதில் நாற்பத்திரண்டு பேசின. ஒன்று மட்டும் வாயே திறக்கவில்லை, கடைக்காரரும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார். நீ போனில் அழும்போது அம்மா தட்டுவாளே, அழாத கண்ணு, அம்மா இருக்கேன்ல என்று, அதுதான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்ல மனசு வரவில்லை. நீ காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதை உன் போனுக்கு அனுப்பினாள், பழைய செய்திகளில் தேடிப் பார். கிடைத்தால் கடைக்காரர் நம்பருக்கு அனுப்பு, இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்புவதும் அவர்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அது கிடைக்கும் வரை என்ன கஷ்டம் இருந்தாலும் போனில் அழுதுவிடாதே. அம்மாவின் கை அந்த இடத்துக்குத்தான் போகும்.

இப்படிக்கு,
சொந்தக் கையால் எழுதிய
உன் அப்பா