ஊத்தினதும் ஊத்துப்பட்டதும்

அப்பா,

இன்று காலை டீட்டிகோன் ரயில் நிலையத்தில் உருளைக்கிழங்கு பொரிக்கும் கடையிலிருந்து கொதித்த எண்ணெய் வாசம் வந்தது. வந்த ரயிலை விட்டுவிட்டு அப்படியே மேடையிலிருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் சட்டைகளில் எவ்வளவு தோய்த்தாலும் போகாத வாசம் அது. ஏரிக்கரை ஹோட்டல் குசினியில் என் வயதளவு காலம் நின்றவர் நீங்கள்.

அது நடந்த அன்று மதியம் குசினியில் உங்களுக்கும் கூட வேலை செய்த சமையற்காரருக்கும் வாய்த்தர்க்கம் வந்தது உண்மை. அது முடிந்து, கொதித்த எண்ணெய்ச் சட்டியைத் தூக்கித் திரும்பும்போது உங்கள் முழங்கை சுவரில் தட்டியது. எண்ணெய் சிந்தி அந்தச் சமையற்காரரின் முதுகும் கையும் வெந்துபோயின. அவர் திரும்பி நின்றதால் எதையும் காணவில்லை. வேறு யாரும் அங்கே இல்லை.

பொலிசிடம் நீங்கள் சொன்னது, "எண்ணெய் ஊத்துப்பட்டிட்டுது" என்று. மொழிபெயர்க்க வந்தவருக்கு எங்கள் யாழ்ப்பாணப் பேச்சு பழக்கமில்லை. "நான் எண்ணெயை ஊற்றினேன்" என்று ஜெர்மன் மொழியில் அது பதிவானது. முதல் நீதிமன்றத்துக்கு அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. சிறைத்தண்டனையோடு நாடுகடத்தலும் விதித்தார்கள். "மறியலெண்டாலும் இருந்திட்டு வருவன். உங்களை விட்டுட்டு அங்க போய் ஆரோட இருக்கிறது?" என்று அம்மாவிடம் கேட்டீர்கள்.

மேன்முறையீட்டில் மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். கடைசியாக ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா என்று நீதிபதி கேட்டபோது எழுந்து நின்றீர்கள். "நான் ஊத்தேல்லை ஐயா. ஊத்துப்பட்டது." அதை மொழிபெயர்த்தவர், அனுமதி கேட்டு ஒரு விளக்கமும் சொன்னார்: நாம் நினைத்துச் செய்வதற்கு ஒரு சொல், நம்மை மீறி நடப்பதற்கு இன்னொரு சொல், இரண்டும் ஒன்றல்ல. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, திரும்பச் சொல்லுங்கள் என்றார். பின்வரிசையில் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். தீர்ப்பைப் பிறகு அறிவிப்போம் என்றார்கள்.

அது வருமுன் பஸ் தரிப்பிடத்தில் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவர் இறந்ததால் வழக்கு முடிவுறுகிறது என்று நீதிமன்றம் அறிவித்தது. "அப்ப அப்பா குற்றவாளியா, இல்லையா?" என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். பழைய தீர்ப்பு செல்லாது, ஆனால் நிரபராதி என்றும் இனி எவரும் எழுதமாட்டார்கள் என்றார். வழக்கை நாங்கள் தொடர்கிறோம் என்று மனுப் போட்டோம். தள்ளுபடி செய்தார்கள்.

இந்த வாரம் அதே நீதிமன்றம், மொழிபெயர்ப்பில் சந்தேகம் இருக்கிறதென்று வேறொருவரின் தண்டனையை நீக்கியிருக்கிறது. அந்த வாங்கிலிருந்துதான் கைபேசியில் வாசித்தேன். முகம் தெரியாத அந்த மனிதருக்காகச் சந்தோஷப்பட முயன்றேன். முடியவில்லை. வாய்விட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது.

ஜெர்மன் பேசுகிறவர்களுக்கு விளங்கவில்லை, சரி. போன வெள்ளிக்கிழமை கோயிலில் எனக்குப் பின்னால் ஒரு பெண் மற்றவளிடம் சொன்னாள்: "இவதான், எண்ணெய் ஊத்தின ஆளின்ர மகள்." எங்கள் தமிழிலேயே சொன்னாள், அப்பா. அவளுக்கு எந்த மொழிபெயர்ப்பாளரைக் கூட்டி வருவேன்?

மேன்முறையீடு முடிந்து ரயிலில் திரும்பும்போது யன்னலைப் பார்த்தபடியே கேட்டீர்கள்: "பிள்ளை, நீ நம்புறியோ?"

"ஓம் அப்பா."

"அப்ப காணும்."

கண்ணை மூடி, வீடு வரும்வரை நித்திரை கொண்டீர்கள்.

உங்களுக்கு அது காணுமாயிருந்தது, அவ்வளவே போதுமாயிருந்தது. எனக்குக் காணாது. நான் நம்புகிறேன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு போக இனி எந்த நீதிமன்றமும் இல்லை.