கூரையில் ஜன்னல் வைத்த வீடு

ஜூலை 7, திங்கள்

இருபத்திரண்டு வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தியவனை இன்று மழலையர் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். நாற்காலி என் முழங்கால் உயரம்கூட இல்லை. அந்த வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பாம். வேறு ஆள் வர ஒரு மாதமாகுமாம். உண்மைக் காரணம் தலைமையாசிரியைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைவிட ஆறு வயது இளையவள். எனக்கு வரவேண்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள்: "எல்லாக் கணக்கையும் நீங்களே போட்டுக் காட்டிடறீங்க சார். பசங்களுக்குத் தனியாப் போட வரலைன்னு பெத்தவங்க சொல்றாங்க."

எந்தப் பெற்றோர்? ஆளைச் சொல்லட்டுமே.

ஜூலை 8

ஒரு வாண்டு ஷூ மாட்ட பதினொரு நிமிடம். கடிகாரம் பார்த்தேன். பொறுக்காமல் குனிந்தேன். உதவிக்கு இருக்கும் பெண் - என்னிடம் படித்தவர்களைவிடச் சின்னவள் - "கையைப் பின்னால கட்டிக்கோங்க சார். இங்க அதான் வழக்கம்" என்றாள். எனக்குப் பாடம். வாண்டு கால் மாற்றி மாட்டிக்கொண்டு, ஜெயித்த மாதிரி நடந்து போனது.

ஜூலை 11

பசை டப்பாவுக்கு இரண்டு பேர் சண்டை. நான் எழுந்து போவதற்குள் அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். நானும் தலைமையாசிரியையும் நேருக்கு நேர் வணக்கம் சொல்லி ஆறு வருடமாகிறது.

ஜூலை 16, புதன்

வெள்ளிக்கிழமை கண்காட்சி. ஆளுக்கொரு அட்டை வீடு. தலைமையாசிரியை வந்து, "இது நல்லா அமைஞ்சா திங்கள்லேருந்தே உங்க வகுப்புக்குப் போயிடுங்க. இங்க நான் பாத்துக்கறேன்" என்றாள். பிச்சை போடுகிற குரல். ஆனாலும் போக வேண்டும். இந்த நாற்காலியில் இன்னொரு வாரம் என்றால் இடுப்பு போய்விடும்.

வீடுகளில் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. முன்பற்கள் இரண்டும் பெரிதாக இருப்பதால் அணில் என்று நான் பெயர் வைத்திருக்கும் பெண் மூன்று நாளாகச் செய்த வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. ஜன்னல்கள் கூரையில்.

"கூரையில யாராவது ஜன்னல் வைப்பாங்களா?"

"படுத்துக்கிட்டே பாக்கணும்ல, சார்."

ஜூலை 17

குழந்தைகள் போனபின் தனியாக இருந்து பத்தொன்பது வீட்டையும் சரிசெய்தேன். ஸ்கேல், கத்தி, புது அட்டை. சுவர் என்றால் சுவர். வீட்டுக்காரியிடம் சொன்னேன். "பரிசு யாருக்குங்க, உங்களுக்கா அதுங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். எப்போதும் ஒரு குத்தல்.

ஜூலை 18

யாரும் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினார்கள்.

"என்னுது எங்க சார்?" அணில். பெயர் ஒட்டிய வீட்டைக் காட்டினேன். கூரையை விரலால் தடவிப் பார்த்தாள். "இது என்னுது இல்ல. யாரோடதோ." பிறகு எனக்கே ஆறுதல்: "பரவால்ல சார். வேற செய்றேன்."

குப்பைக் கூடையில் நான் வெட்டிப்போட்ட துண்டுகளைப் பொறுக்கி உட்கார்ந்துவிட்டாள். கத்திரி கோணலாகப் போனது, பசை தலைமுடியில். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன் - எவ்வளவு நேரம், தெரியாது - விரல் எல்லாம் நமநமத்தது. சுவர் இரண்டு முறை விழுந்தது. மூன்றாவது முறை நின்றது. கூரையில் ஜன்னல்.

பெற்றோர் வந்தார்கள். தலைமையாசிரியை வரிசையாகப் பார்த்தாள். "பிரமாதம் சார்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். திங்கள் என் கையில் இருந்தது. "இதெல்லாம் நான் செஞ்சது. அந்தக் கோணல் வீடு மட்டும்தான் குழந்தை செஞ்சது" என்றேன், அத்தனை பேர் முன்னால்.

எதற்குச் சொன்னேன்? தலைமையாசிரியையை அவமானப்படுத்தவா? அதுவும் இருக்கும்.

"அப்ப மாசம் முடியட்டும் சார்" என்றாள்.

ஜூலை 21

மறுபடி அதே நாற்காலி. அணில் தானாக ஷூ மாட்டினாள். ஏழு நிமிடம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பழைய வகுப்பு. ஒரு மாணவியைக் கரும்பலகைக்கு அழைத்தேன். இரண்டாவது வரியிலேயே கூட்டல் கழித்தலாகிவிட்டது. அதன்மேல் நான்கு வரி கட்டினாள். சாக்பீஸைப் பிடுங்கக் கை எழுந்தது. பின்னால் கட்டிக்கொண்டேன். "சாருக்கு உடம்பு சரியில்லையாடா?" என்று கடைசி பெஞ்சில் ஒருவன். ஒன்பதாவது நிமிடம் அவளே நின்றாள், மேலிருந்து படித்தாள், நான்கு வரியையும் அழித்தாள்.

தலைமையாசிரியை வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நான் வணக்கம் சொல்லவில்லை. கைதான் பின்னால் இருந்ததே.